சிரிப்பு வரும் அத்தியாயத்தில் நட்பு இல்லை. நட்பு வரும் அத்தியாயத்தில் சிரிப்பு இல்லை. என்ன செய்யலாம்?

ரப்பர்துண்டு கேட்கிறார்:

வணக்கம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் யார் துணையும் இல்லாமல் தாங்களே வாசிக்கிற மாதிரி ஒரு குட்டி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். படப்புத்தகத்தைத் தாண்டியாகிவிட்டது, தடித்த புத்தகத்தைக் கண்டால் ஓட்டம் எடுக்கிறார்கள், அந்த இடைப்பட்ட வயது. பத்து அத்தியாயம், ஏறக்குறைய 7000 சொல். பக்கத்துக்குப் பக்கம் படம் வரும், ஆனால் கதையை இழுத்துப்போவது எழுத்துதான். பள்ளிக்கூட நட்பு, நகைச்சுவை. திட்டம் இவ்வளவுதான்.

கதை இது. முகிலனும் தேன்மொழியும் இரண்டாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் காலை ஒருவர் தட்டி, சேர்ந்து உருண்டு, ஒரே நொடியில் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். மூன்றாம் பரிசு இருவருக்கும் சேர்த்து. பரிசோ ஒன்றே ஒன்று, யானை வடிவத்தில் ஒரு ரப்பர். வெட்டிப் பங்கு போடலாம் என்றால் தும்பிக்கைப் பக்கம் யாருக்கு, வால் பக்கம் யாருக்கு? அதனால் ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்து, ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்கள். பள்ளி நாள் ஐந்து. ஆள் இரண்டு. வெள்ளிக்கிழமை யாருக்கு என்பதில் சண்டை. நடுவில் செழியன் என்று ஒரு புதுப் பையன் வந்து சேர்கிறான். அவன் எழுதினால் தப்பே வராது, ஆகவே ரப்பரே வைத்துக்கொள்வதில்லை. இந்த வழக்கில் எந்த லாபமும் இல்லாத ஒரே ஆள் என்பதால் அவனை நீதிபதி ஆக்குகிறார்கள்.

முதல் பிரதியை அக்கா மகளிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எட்டு வயது. மூன்றாம் அத்தியாயத்தில் யானை தலைமையாசிரியரின் கண்ணாடிக் கூட்டுக்குள் போய் விழுந்துவிடும். காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் கண்ணாடி என்று நினைத்து ரப்பரை எடுத்து மூக்கின் மேல் வைப்பார். அங்கே உருண்டு உருண்டு சிரித்தாள். ஆறில் சண்டை, ஏழில் சமாதானம். அங்கே வந்ததும், “இன்னும் எத்தனை பக்கம் இருக்கு சித்தி?” என்று கேட்டாள். நான் உயிரைக் கொடுத்து எழுதிய இடம் அதுதான்! டீச்சர் இருவரையும் தனியாக அழைத்து, விட்டுக்கொடுத்தால்தான் நட்பு நிலைக்கும் என்று சொல்வார். இருவரும் கண் கலங்கிக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது என் சந்தேகங்கள். சண்டை, சமாதான அத்தியாயங்களில் நகைச்சுவையை எப்படிக் கொண்டுவருவது? இடையிடையே ஜோக் தூவிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அடுத்து, உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதலாமா? “நான் உனக்குக் கொடுக்கமாட்டேன்” என்று எழுதினால் ஏழு வயதுப் பெண் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. “குடுக்கமாட்டேன்” என்று எழுதினால், பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் பழகுகிற நேரத்தில் இது எதற்கு என்று கேட்கிறார்கள். பிறகு நீளம். 7000 சொல் அதிகமா?


கடைசிபெஞ்ச்:

ஜோக் ஒட்டலைன்னா குசு ஜோக் போடுங்க. அது ஒட்டாத இடமே கிடையாது.

அது இருக்கட்டும், எனக்கு வேற ஒரு சந்தேகம். திங்கள் அவ, செவ்வாய் இவன்னு மாத்தி மாத்திப் போனா, இந்த வாரம் வெள்ளி அவளுக்கு. அடுத்த வாரம் திங்கள் இவனுக்கு, அப்போ அந்த வாரம் வெள்ளியும் இவனுக்கே. ஒரு வாரம் அவளுக்கு மூணு நாள், அடுத்த வாரம் இவனுக்கு மூணு நாள். கணக்கு சரியாயிடுச்சு. வழக்கு தள்ளுபடி. மிச்ச ஆறு அத்தியாயத்துக்கு என்ன பண்ணுவீங்க?


சாக்பீஸ்:

கடைசிபெஞ்ச் தம்பி கேட்ட கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. அதை அப்புறம் எடுத்துக்கொள்கிறேன்.

நான் பல வருடம் ஒன்று முதல் மூன்று வரை வகுப்பெடுத்தவள். நூலகப் பீரியட் எப்போதும் என் தலையில்தான் விழும். நானாகக் கேட்டு வாங்கியது என்றும் சொல்லலாம். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதை வாசித்தால் எந்த வரி செத்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். யாராவது ஒருவன் ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பிப்பான்.

உங்கள் மூன்றாம் அத்தியாயம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதைத் தூக்கிவிட்டால் கதைக்கு என்ன குறையும்? முகிலனுக்கும் தேன்மொழிக்கும் நடுவில் அங்கே எதுவும் மாறவில்லை. ரப்பர் போனது, வந்தது. ஏழாம் அத்தியாயத்தில் எல்லாம் மாறுகிறது, ஆனால் மாற்றுகிறவர் டீச்சர். பிள்ளைகள் இருவரும் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். வாசிக்கிற பிள்ளைக்கு அது கதை இல்லை, வகுப்பு. அவள் பக்கம் எண்ணியதில் ஆச்சரியமே இல்லை. ஜோக்கைக் கொண்டுபோய் அங்கே தூவினால் ஒட்டாது. சண்டையே சிரிப்பாக இருக்க வேண்டும், அதுவும் சண்டை போடுகிறவர்களுக்கு அது உயிர் போகிற விஷயமாக இருக்கும்போதே. வெள்ளிக்கிழமை என்ற தங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் மூக்கில் ஏன் தேடுகிறீர்கள்?

இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் வக்கீல்கள். வரிசையில் யார் முன்னால், யார் தொட்டது முதலில், ‘அவுட்’டா இல்லையா. விளையாடும் நேரத்தைவிட விதி பேசும் நேரம் அதிகம். உங்கள் ஒப்பந்தம் அவர்களுக்கு நெஞ்சுக்கு நெருக்கமான பொருள். அதில் என்னவெல்லாம் எழுதியிருக்கிறது என்று முழுசாகக் காட்டுங்கள். ‘யானையைக் கடிக்கக் கூடாது. தெரியாமல் கடித்தால் பரவாயில்லை. தெரியாமல் இரண்டு தடவை கடிக்கக் கூடாது.’ இப்படி ஒரு பக்கம் இருந்தால் என் வகுப்பில் மூன்று நாளைக்கு அதைப் பற்றியே பேசுவார்கள். நாலாவது நாள் அவர்களே ஒன்று எழுதிக்கொண்டு வந்து என்னிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்பார்கள்.

வேறு எதற்குச் சிரிக்கிறார்கள்? ரொம்ப உறுதியாகத் தப்பாகப் பேசுகிறவனைப் பார்த்து. தங்களுக்குத் தெரிந்த ஒன்று கதையில் இருப்பவனுக்குத் தெரியவில்லை என்றால் அவர்களுக்கு அதைவிட ஆனந்தம் இல்லை. இப்போதுதான் வாசிக்கப் பழகியவர்கள், இவ்வளவு நாள் எல்லாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தன்னைவிடத் தெரியாதவன் ஒருத்தன் கிடைத்தான்! அவனை விடவே மாட்டார்கள்.

அப்புறம் இரட்டை அர்த்தம். பால் மெக்கீ என்கிற உளவியலாளர் பிள்ளைகளின் நகைச்சுவை வளர்வதைப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதைப் பிடித்துச் சிரிப்பது ஏறக்குறைய ஏழு வயதில்தான் வருகிறது என்பார். வகுப்பில் நான் கண்டதும் அதுவே. “மணி அடிச்சாச்சு டீச்சர்.” “யாரை?” ஒன்றாம் வகுப்பில் இதைச் சொன்னால் மணி என்கிற பையனைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவனும் பயந்து போவான். மூன்றாம் வகுப்பில் கூரை பறக்கும். இரண்டாம் வகுப்பில் பாதிப்பேர் சிரிப்பார்கள், மீதிப்பேர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். உங்கள் வாசகர் சரியாக அந்த நடுவில் இருக்கிறார். ஆகவே புத்தகத்தில் ஒன்றிரண்டு போதும். அதுவும் பிடிபடாதவர்களுக்குக் கதை நின்றுவிடக் கூடாது.

எடுபடாதது எது என்றால், கதை சொல்கிறவர் கிண்டலாகப் பேசுவது. ‘ஆஹா, முகிலன் எப்பேர்ப்பட்ட புத்திசாலி!’ என்று நீங்கள் எழுதினால் பாதிப் பிள்ளைகள் அவனை நிஜமாகவே புத்திசாலி என்று நம்பிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்காகக் கண்ணடிக்கிற அந்த வேலை வேண்டாம்.

நட்பு விஷயத்துக்கு வருகிறேன். ராபர்ட் செல்மன் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர், பிள்ளைகள் நட்பை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கட்டம் கட்டமாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வாசகர் வயதில் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ‘எனக்குப் பிடித்ததைச் செய்கிறவன் என் நண்பன்’ என்பது பழையது. ‘நீ எனக்குச் செய், நான் உனக்குச் செய்கிறேன், சரிப்பட்டு வருகிற வரைக்கும்’ என்பது புதியது. தியாகம், மன்னிப்பு, காலமெல்லாம் கூட வருவது எல்லாம் பிற்பாடு. டீச்சர் சொன்னதும் கண் கலங்கிக் கட்டிப்பிடிப்பது உங்கள் வயதுக்காரர்களின் சமாதானம், அவர்களுடையது இல்லை.

நான் பார்த்த சமாதானம் எப்படி என்றால்: இரண்டு பெண்கள் ஜென்ம விரோதிகளாகி, பையை நடுவில் வைத்து எல்லை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளை முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று நானும் தயார் செய்துகொண்டு போகிறேன். இரண்டு பேரும் பெஞ்சுக்கு அடியில். ஷார்ப்னரிலிருந்து கழன்ற திருகாணியைத் தேடுகிறார்கள். ஒருத்தி கேட்கிறாள், “நாம ஏன் சண்டை போட்டோம்?” மற்றவள் சொல்கிறாள், “முதல்ல திருகாணியைத் தேடு.” என் இரண்டு வார்த்தையும் வீண். சமாதானத்துக்கு அவர்களுக்குக் காரணம் தேவையில்லை, கைக்கு ஒரு வேலை போதும். ஏழாம் அத்தியாயத்தில் டீச்சரை வெளியே அனுப்பிவிட்டு இருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

இப்போது தம்பியின் கணக்கு. அது சரியான கணக்கு, வாசகர்களில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் கண்டுபிடிக்கும். மறைக்காதீர்கள். செழியன் வாயிலேயே சொல்ல வையுங்கள். நீதிபதியாக உட்கார்ந்து, காகிதத்தில் கோடு போட்டு, இரண்டு வாரத்தில் ஆளுக்கு ஐந்து நாள் என்று நிரூபிக்கட்டும். இருவரும் ஒரே குரலில், “அடுத்த வாரமா!” என்று அலறட்டும். ஏழு வயதில் அடுத்த வாரம் என்பது இல்லாத ஊர். நியாயமான தீர்ப்பு சொன்ன குற்றத்துக்காக இருவரும் சேர்ந்து நீதிபதியைப் பதவிநீக்கம் செய்யட்டும். சண்டையில் இருந்தவர்கள் இதில் முதல் தடவையாக ஒரே கட்சி ஆகிவிடுகிறார்கள், கவனித்தீர்களா? யாரும் எதையும் போதிக்கவில்லை.

செழியனைப் பற்றி ஒன்று. தப்பே செய்யாத பையன் என்று வைத்திருக்கிறீர்கள். அப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்தான். அவன் தப்புச் செய்யாமல் இருந்ததற்குக் காரணம், தெரியாத சொல்லை எழுதவே மாட்டான். ‘ஞாயிறு’ சந்தேகம் என்றால் ‘விடுமுறை நாள்’ என்று எழுதுவான். உங்கள் செழியனும் அப்படி ஒரு தந்திரக்காரனாக இருந்தால் சிரிப்பும் வரும், பிற்பாடு அவனுக்கு ரப்பர் தேவைப்படும் நாளில் பாவமாகவும் இருக்கும்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். திக்கிப் பேசுகிறவன், குண்டாக இருக்கிறவள், வாசிக்கத் திணறுகிறவன், இவர்களை வைத்து ஒரு பட்டப்பெயர் புத்தகத்தில் வந்தால் அடுத்த மணி அடிப்பதற்குள் அது வகுப்பில் ஒரு பிள்ளையின் முதுகில் ஒட்டியிருக்கும். நான் ஒருமுறை உரித்தெடுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு பிள்ளை எதற்காகத் துடிக்கிறது என்பதைப் பார்த்துச் சிரிக்கலாம், எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்து வேண்டாம்.

குசு ஜோக் ஒன்று இருக்கலாம் தம்பி. ஒன்றே ஒன்று.


பிழைதிருத்தி:

சிறுவர் நூல்களுக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. கதையைப் பற்றி டீச்சர் சொல்லிவிட்டார். நான் எழுத்து, பக்கம் இரண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

நீளம். ஆங்கிலத்தில் இந்த வகைப் புத்தகங்கள் ஐயாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் சொல் வரை போகும். அந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். அவர்கள் நாலைந்து சொல்லில் சொல்வதை நாம் ‘கொடுக்கமாட்டேனென்றாள்’ என்று ஒரே சொல்லாகக் கட்டிவிடுவோம். 7000 தமிழ்ச் சொல் என்றால் பிள்ளைக்கு அது பெரிய மலை. 5000க்குக் கொண்டுவாருங்கள், அத்தியாயத்துக்கு ஐந்நூறு. ஒரே மூச்சில் ஓர் அத்தியாயம் முடிந்துவிட வேண்டும். ‘நானே ஒரு அத்தியாயம் முடித்தேன்’ என்ற பெருமைதான் அடுத்த அத்தியாயத்தைத் திறக்க வைக்கும்.

அச்சில் ஒரு ஃபாரம் 16 பக்கம். நாலு ஃபாரம் 64 பக்கம். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் எல்லாம் போக 60 பக்கம் கதைக்கு என்று வையுங்கள். பக்கத்துக்கு எண்பது சொச்சம் சொல், மீதி இடம் படத்துக்கு. எழுத்து அளவு 16 புள்ளிக்குக் குறைந்தால் நான் சண்டைக்கு வருவேன். முக்கியமான ஒன்று: ஜோக்கின் தொடக்கம் வலப்பக்கத்தின் கடைசி வரியில் இருந்தால், விடை தாளைப் புரட்டினால்தான் தெரிய வேண்டும். எதிர்ப்பக்கத்திலேயே விடை இருந்தால் கண் முன்கூட்டியே அங்கே ஓடிவிடும். இதைப் பக்க வடிவமைப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். கையெழுத்துப் பிரதியிலேயே குறித்துக் கொடுங்கள்.

எளிய சொல், குறைந்த சொல் என்றால் கதை சப்பென்று ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டாக்டர் சூஸ் என்கிற அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் 1957இல் எழுதிய ‘தி கேட் இன் தி ஹேட்’ கதை முழுவதும் வெவ்வேறு சொற்கள் 236தான். அதே கணக்கைத் தமிழில் வைக்க முடியாது. ரப்பர், ரப்பரை, ரப்பருக்கு, ரப்பரால், ரப்பரோடு: இது ஒரு சொல்லா, ஐந்தா? வேர்ச்சொல்லை எண்ணுவதைவிட நீளத்தைக் கவனிப்பதே நமக்கு உருப்படியான வழி. ‘விழுந்துகொண்டிருந்தபோது’ என்பதை ‘விழுந்தபோது’ ஆக்குங்கள். ‘ஓடிக்கொண்டிருந்தவனைப் பார்த்து’ வேண்டாம். ‘முகிலன் ஓடினான். தேன்மொழி பார்த்தாள்.’ எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை சொல்லின் வால் பக்கம் வருவதற்குள் தலைப் பக்கத்தை மறந்துவிடும். அதற்காக ஒற்றை விட்டுவிடாதீர்கள். ‘ரப்பரைப் பார்’ என்றால் நடுவில் ‘ப்’ இருந்தே ஆக வேண்டும். இந்த வயதில் கண் பழகுவதுதான் கடைசி வரை நிற்கும்.

பேச்சுத் தமிழ். என் கட்சி: கதை நடை எழுத்துத் தமிழில், உரையாடல் இரண்டுக்கும் பொதுவான சொற்களில். ‘கொடுக்கமாட்டேன்’ செய்தி வாசிப்பு, ‘குடுக்கமாட்டேன்’ பேச்சு வழக்கு. ‘தரமாட்டேன் போ’ இரண்டு பக்கமும் செல்லும். தா, போ, எடு, விடு, என் முறை, உன் முறை, இது அநியாயம். தேடினால் இப்படி நிறையக் கிடைக்கும். முழுப் பேச்சுத் தமிழுக்குப் போனால் அச்சில் ஒரு சிக்கல் வரும். வாயில் ‘வந்தான்’ என்பது மூக்கொலியோடு முடியும், ‘வந்தாள்’ மூக்கொலி இல்லாமல் முடியும். எழுதும்போது இரண்டுமே ‘வந்தா’. ‘வந்தால்’ என்பதும் ‘வந்தா’தான். காதுக்கு வித்தியாசம் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பெரியவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். சொல் சொல்லாகத் தடவிப் போகிற பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும்.


சாக்பீஸ்:

பிழைதிருத்தி ஐயா, மற்றதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், பேச்சுத் தமிழில் உங்களோடு மல்லுக்கட்டுகிறேன். பிள்ளை எழுத்துக்கூட்டி, கு-டு-க்-க-மா-ட்-டே-ன் என்று முடித்ததும் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ‘இது நான் பேசுறது!’ என்று ஒரு மலர்ச்சி. ‘கொடுக்கமாட்டேன்’ என்று கூட்டி முடித்தால் அது யாரோ பேசுவது. புத்தகத்துக்குள் தன் குரல் கேட்பதே பாதிச் சிரிப்பு. ‘வந்தா’ சிக்கல் உண்மைதான். ஆனால் உரையாடலில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ எத்தனை இடத்தில் வரப்போகிறது? எதிரும் புதிருமாக நின்று நான், நீ என்று சண்டை போடுகிறவர்கள் பேச்சில் பெரும்பாலும் மாட்டேன், குடு, விடு தான்.


பிழைதிருத்தி:

டீச்சர், உங்கள் வகுப்பில் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசியிருப்பார்கள். புத்தகம் பல வாய்களுக்குப் போகிறது. ஒருவர் வீட்டுப் பேச்சு இன்னொருவர் வீட்டில் புரியாத பேச்சு. நான் ‘தரமாட்டேன் போ’விலேயே நிற்கிறேன்.


கோட்டோவியம்:

படம் போடுகிறவன் தரப்பிலிருந்து சின்னதாக. எழுத்துக்குத் தெரியாத ஒன்று படத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘முகிலன் யானையைப் பத்திரமாக வைத்துக்கொண்டான்’ என்று மட்டும் எழுதுங்கள். சட்டைப்பை ஓட்டையை நான் போடுகிறேன். எழுத்தை மெதுவாக வாசிக்கிற பிள்ளை படத்தில் அதைக் கண்டுபிடித்து முகிலனுக்கு முன்னால் பதறும். நீங்களே ‘ஓட்டை இருந்ததை அவன் கவனிக்கவில்லை’ என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை இல்லை, பிள்ளைக்கும் வேலை இல்லை.

இன்னொன்று, ரப்பர் தேயும். இதை யாருமே சொல்லவில்லை! அத்தியாயத்துக்கு அத்தியாயம் யானை கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும். முதலில் காது. அப்புறம் தும்பிக்கை. ஒன்பதாம் அத்தியாயத்தில் அது பன்றியா, பூசணியா என்று தெரியக் கூடாது. சண்டை மட்டும் அதே அளவில் இருக்கட்டும். எழுத்தில் ஒரு இடத்திலும் ‘யானை தேய்ந்தது’ என்று வரவே கூடாது. கடைசி வரை அதை ‘யானை’ என்றே கூப்பிடுங்கள்.


ரப்பர்துண்டு:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரை, அதாவது கதையில் வரும் டீச்சரை, வெளியே அனுப்பிவிட்டேன். ஆறாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதியதில் ஒரு பகுதியைப் போடுகிறேன். பேச்சு நடையில் இப்போதைக்குப் பிழைதிருத்தி ஐயா பக்கம்.

வெள்ளிக்கிழமை. யானை பெஞ்சின் நடுவில் நின்றது.

“என் முறை,” என்றாள் தேன்மொழி.

“என் முறை,” என்றான் முகிலன். “நான் நிரூபிப்பேன். திங்கள் நீ. செவ்வாய் நான். புதன் நீ. வியாழன் நான். வெள்ளி...”

முகிலன் நிறுத்தினான்.

முதல் விரலில் இருந்து மறுபடி எண்ணினான். வெள்ளி மறுபடியும் நீயில் வந்து நின்றது.

“இந்தக் கை சரி இல்லை,” என்றான். அடுத்த கையை எடுத்தான்.

அடுத்த கையும் சரி இல்லை.

“சனியும் ஞாயிறும் சேர்த்தால்?” என்று கேட்டான்.

“சனி, ஞாயிறு பள்ளி இல்லை.”

“யானைக்கு அது தெரியுமா?”

தேன்மொழி யோசித்தாள். யானையைப் பார்த்தாள். யானை ஒன்றும் சொல்லவில்லை.

“சரி,” என்றாள். “ஞாயிறு உனக்கு. நாள் முழுக்க வைத்துக்கொள். அழித்துக்கொண்டே இரு.”

“ஞாயிற்றுக்கிழமை யார் எழுதுவார்கள்?”

“அது உன் பிரச்சினை.”

முகிலன் ஒப்பந்தத்தை எடுத்தான். பென்சிலால் ‘வெள்ளி’யை அடித்தான். அடித்தது கோணலாகப் போய் ‘வியாழ’னையும் சேர்த்து அடித்துவிட்டது. அதை அழிக்க வேண்டும். அழிக்க யானை வேண்டும்.

“யானையைத் தா,” என்றான்.

“எதற்கு?”

“வெள்ளிக்கிழமை யானை உனக்கு இல்லை என்று எழுத.”

தேன்மொழி யானையைத் தந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நட்பு என்பது இதுதான் என்று அவர்களுக்குப் புரிந்தது.


கடைசிபெஞ்ச்:

“இந்தக் கை சரி இல்லை” செம. என் ஓட்டு உங்களுக்கு. குசு ஜோக் கோரிக்கையை வாபஸ் வாங்குறேன்.


சாக்பீஸ்:

கை மாற்றி எண்ணுவது அருமை. கடைசிப் பத்தியில் முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘தேன்மொழி யானையைத் தந்தாள்.’ முற்றுப்புள்ளி. கதையில் இருப்பவர்கள் சிரித்துவிட்டால் வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு மிச்சம் இருக்காது. ‘புரிந்தது’ என்ற வரியில், நீங்கள் வெளியே அனுப்பிய டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். ஜன்னலையும் சாத்துங்கள். தன் வாதத்துக்கு எதிராக எழுத அவளே ரப்பரைக் கொடுக்கிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தப் பகுதியைப் படம் இல்லாமல் நாலைந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்காராதீர்கள், நீங்கள் சிரித்தால் மரியாதைக்குச் சிரிப்பார்கள். கொஞ்சம் தள்ளி வேறு வேலை பார்க்கிற மாதிரி இருங்கள். முடித்ததும் ‘பிடித்ததா’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். ‘அப்புறம் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை யாருக்கு என்று அவர்களுக்குள் சண்டை வந்தால் பாக்கி அத்தியாயங்களைத் தைரியமாக எழுதலாம்.


பிழைதிருத்தி:

‘அழித்துக்கொண்டே இரு’ நீளம்தான், இருந்தாலும் விட்டுவிடுகிறேன், வேறு எப்படியும் சொல்ல முடியாது. “வெள்ளி...” என்று நிற்கிற வரி வலப்பக்கத்தின் அடியில் வரட்டும், ‘முகிலன் நிறுத்தினான்’ தாளைப் புரட்டியதும். செழியனுக்கு ரப்பர் தேவைப்படும் அத்தியாயம் ஒன்று வருமென்றால் அதற்குத் தலைப்பு வைக்கும்போது ஜாக்கிரதை. ‘செழியன் செய்த தப்பு’ என்று வைத்தால் பொருளடக்கத்திலேயே குட்டு உடைந்துவிடும். பொருளடக்கத்தை முதலில் வாசித்து, எல்லா அத்தியாயத்துக்கும் தானே ஒரு கதை கட்டிவைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு.